கனமானதை எடுத்தவள் நான்

காலையில அரிசி மூட்டையை நகர்த்தப் போனேன். கராஜ் அலமாரிக்குள்ள இருந்து உங்க பைனாகுலர் ஸ்டாண்டு சரிஞ்சு என் தோள் மேல விழுந்தது. வலிக்கவே இல்லை. அவ்வளவு லேசு. குளிர்ல அலுமினியத்தைத் தொட்டா கை விறைச்சுப் போகுதுன்னு, சைக்கிள் கைப்பிடிக்குச் சுத்துற டேப்பை அதோட மூணு கால்லயும் சுத்தி வெச்சிருந்தீங்க. அந்த டேப்புல இன்னமும் நீங்க வேட்டைக்குப் போற ரான்ச்சு மண்ணும் சீடர் மர வாசனையும் இருக்குதுங்க. அப்படியே மூட்டை மேல உக்காந்துட்டேன்.

நாளைக்குப் புரட்டாசி சனிக்கிழமை. மறுநாள் கராஜைக் காலி பண்ண மக வர்றா. எதையெல்லாம் வெச்சுக்கணும்னு மட்டும் சொல்லும்மா, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்னு இங்கிலீஷ்ல சொன்னா. எனக்குச் சொல்லத் தெரியலை. உக்காந்தா எந்திரிக்க முடியாத அசதி. அதான் உங்களுக்கு எழுதறேன். தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. எட்டாவதோட நின்ன எழுத்து இது.

கோபியில கோழி அறுக்கும்போது திரும்பி நிக்கிற ஆளு நீங்க. கடல் தாண்டி இந்தப் பிளானோவுக்கு வந்து ஏசி ரிப்பேர் வேலையில சேர்ந்து, கூட வேலை செஞ்ச ஜிம்மி கூப்பிட்டார்னு மான் வேட்டைக்குக் கெளம்பினீங்க. ஊர்ல சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. அதுலயும் புரட்டாசியில துப்பாக்கியைத் தொட மாட்டீங்க. ஜிம்மி வில்லும் அம்புமா மரத்து மேல ஏறிக்குவார். நீங்க எதிர் மேட்டுல ஸ்டூல் போட்டு உக்காந்து, மான் எந்தப் பக்கமா வருதுன்னு பைனாகுலர்ல பாத்துச் சொல்லணும். கறி திங்காத மாசத்துல கண்ணால பாத்தா என்ன குத்தம்னு கேட்டீங்க. பெருமாளுக்குக் கணக்குச் சொல்ல நல்லாக் கத்து வெச்சிருக்கீங்கன்னு நான் சிரிச்சேன்.

அப்பத்தான் ஸ்டாண்டு வேணும்னீங்க. கையில பிடிச்சா அஞ்சு நிமிசத்துல ஆடுது, தூரத்துல நிக்கிறது மானா புதரான்னு தெரியலைன்னீங்க. கடைக்குப் போனோம். கார்பன்ல செஞ்சதோட விலையைப் பாத்ததும் பூ மாதிரி திருப்பி வெச்சுட்டீங்க. அப்புறம் குட்டையா, லேசா ஒரு அலுமினிய ஸ்டாண்டைக் கையில எடுத்து ரொம்ப நேரம் வெச்சிருந்தீங்க. நான் பக்கத்துல தள்ளுபடியில கிடந்த கனத்த ஸ்டாண்டைப் பாத்தேன். ரெண்டையும் தூக்கிப் பாத்தேன், விரலால தட்டியும் பாத்தேன். பாத்திரக் கடையில குண்டான் எடுக்கிற மாதிரி. எனக்குத் தெரிஞ்சது அதுதானே. கனமா இருந்தா நல்ல சாமான், லேசா இருந்தா தகரம்.

"இது காத்தடிச்சா பறந்துருமுங்க. அதை எடுங்க, நம்ம காலத்துக்கும் இருக்கும்"னு சொன்னேன்.

நீங்க லேசானதைத் திருப்பி வெச்சீங்க. "சரி புள்ள"ன்னீங்க. அவ்வளவுதான்.

அந்த வருசம் ஒவ்வொரு சனிக்கிழமையும் வெளுத்துப் போய் வீட்டுக்கு வருவீங்க. சோபாவுல சாஞ்சா சட்டையைக் கூட மாத்த மாட்டீங்க. வயசாயிருச்சு, இனி மான் உங்களைப் பாக்க வந்தாத்தான் உண்டுன்னு நான் கிண்டல் பண்ணுவேன். சிரிச்சுக்குவீங்க. மார்கழியில ஆஸ்பத்திரியில சேர்த்தப்பத்தான் விசயமே தெரிஞ்சது. கனம் தூக்கக் கூடாது, மேடு ஏறக் கூடாதுன்னு நாம கடைக்குப் போறதுக்கு முந்தியே டாக்டர் சொல்லியிருக்கார். எனக்குத் தெரிஞ்சா போகவே விட மாட்டேன்னு மறைச்சுட்டீங்க. லேசான ஸ்டாண்டை ஏன் அவ்வளவு நேரம் கையில வெச்சிருந்தீங்கன்னு எனக்கு அன்னிக்குத்தான் விளங்குச்சு.

நெஞ்சு அடைப்புக்கு ஸ்டென்ட் வெச்சு வீட்டுக்கு வந்த பிறகு நீங்களே போய் இந்த லேசானதை வாங்கிட்டு வந்தீங்க. நானும் வர்றேன்னு அடம் பிடிச்சு அடுத்த புரட்டாசியில கூட வந்தேன். மேட்டுல உக்காந்து ஒவ்வொண்ணாக் காட்டினீங்க. ஸ்டூல்ல உக்காந்து பாக்கிறவனுக்கு ஆள் உயர ஸ்டாண்டு எதுக்கு, உயரம் குறைஞ்சா கனமும் குறையும்னீங்க. பைனாகுலர் நடுவுல இருந்த மூடியைத் திருகி எடுத்து, சின்ன வளைஞ்ச இரும்பை மாட்டி, ஸ்டாண்டு தலையில உக்கார வெச்சீங்க. காத்தடிச்சா என்ன பண்ணுவீங்கன்னு நான் விடாமக் கேட்டேன். என் புளிசாதப் பையை வாங்கி, ஸ்டாண்டுக்கு அடியில இருந்த கொக்கியில தொங்க விட்டீங்க. காத்து அடிச்சுது. அது அசையலை.

"கனத்தை வழி பூரா சுமக்கணும்னு இல்ல புள்ள. உக்கார்ற இடத்துல தொங்க விட்டா போதும்."

அப்புறம் என்னைப் பாக்கச் சொன்னீங்க. ஒரு பெட்டை மானும் குட்டியும். குட்டியோட காது ஆடுறது தெரிஞ்சுது, மூக்கு ஈரம் தெரிஞ்சுது. நான் மூச்சு விடக் கூடப் பயந்தேன். நீங்க மானைப் பாக்கலை, என்னைத்தான் பாத்துட்டு இருந்தீங்க.

பழைய கனத்த ஸ்டாண்டைத் தோட்டத்துல நட்டு, பாகற்கொடியை ஏத்தி விட்டீங்க. இப்பத்தான் அதுக்கேத்த வேலை கெடைச்சுதுன்னு சொல்லிச் சிரிச்சீங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

பங்குனியில நீங்க போயிட்டீங்க. எல்லாரும் வந்தாங்க, சாப்பாடு கொண்டு வந்தாங்க, போனாங்க. எனக்கு அந்த ஒரு கேள்வி மட்டும் போகலை. நான்தான் அந்தக் கனத்தைத் தூக்க வெச்சனா? டாக்டர்கிட்ட மகளைக் கேக்கச் சொன்னேன். அது ரொம்ப நாளா இருந்த அடைப்பு, ஸ்டாண்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு அவர் சொன்னதா மக தமிழ்ல சொன்னா. தேடித் தேடித் தமிழ்ல சொன்னா, பாவம். நம்பிட்டேன்னு தலையாட்டினேன்.

போன வாரம் ஜிம்மி வந்தார். அவர்கிட்டயும் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல கேட்டேன். அவர் தொப்பியைக் கையில வெச்சுத் திருகிட்டே சொன்னார். அந்த வருசம் நான் தூக்கறேன்னு எத்தனையோ தடவை கேட்டாராம். நீங்க குடுக்கவே இல்லையாம். என் வீட்டுக்காரி பாத்துப் பாத்து எடுத்தது, நானே தூக்கறேன்னீங்களாம். நூறு அடிக்கு ஒரு தடவை நின்னு, பைனாகுலர்ல பறவை பாக்கிற மாதிரி பாப்பீங்களாம். மூச்சு வாங்கத்தான்னு தனக்கு அப்பத் தெரியலைன்னு சொல்லி ஜிம்மி அழுதார். நானும் அழுதேன். அப்புறம் உங்க மேல கோவம் கோவமா வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தக் கடையிலயே மாத்தியிருப்பனே. தோத்துப் போறதுக்கு எனக்கு என்னங்க கஷ்டம், உங்ககிட்டத்தானே.

போகும்போது, வர்ற சனிக்கிழமை வர்றீங்களா, மேட்டுல உக்காந்து பாத்துச் சொல்ல ஆள் இல்லைன்னு கேட்டார். வர்றேன்னு வாய் சொல்லிருச்சு.

இவ்வளவும் எழுதின பிறகு மகளுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். உங்க லேசான ஸ்டாண்டு போக, கராஜுல மிச்சம் இருக்கிறதை எல்லாம் எடுத்துக்கட்டும். பாகற்கொடி நிக்கிற ஸ்டாண்டைத் தொட வேண்டாம். அதுல இப்பவும் காய் பிடிக்குது. அதோட கசப்பை நான்தான் தின்னு தீர்க்கணும்.

மேடு ஏற முடியுமான்னு பாக்கலாம்னு, உங்க லேசான ஸ்டாண்டைத் தோள்ல மாட்டிக்கிட்டு இன்னிக்குச் சாயங்காலம் ஏரியைச் சுத்தி நடந்தேன். கனமே தெரியலைங்க. எங்கயாச்சும் விட்டுட்டனோன்னு வழியெல்லாம் கையால தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டேன்.