மே மாதத்துப் படங்கள்

ஜூன் 4, 1978, ஞாயிறு

சபைக்குப் போய் வந்தோம். எங்கள் செவ்விந்திய ஊரான கயெந்தாவில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. என் மகள் ஷார்லின் மட்டும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். ஒன்பது வயதுப் பிடிவாதம். செப்டம்பரில் யூட்டாவுக்குப் போய், சபைக்கார வெள்ளைக் குடும்பம் ஒன்றில் தங்கிப் படிக்க வேண்டுமாம். விண்ணப்பம் என் கையெழுத்துக்காக மேசையில் கிடக்கிறது. நானும் அப்படிப் போனவள்தானே, என்ன சொல்லித் தடுப்பது?

ஜூன் 9

வெர்லா அம்மாவின் கடிதம். எட்டு வயதிலிருந்து ஆறு வருடம் யூட்டாவில் என்னை வளர்த்தவர். ஆகஸ்டில் அவருக்கும் ஓர்லன் அப்பாவுக்கும் ஐம்பதாவது திருமண நாள். ஆல்பம் தயாராகிறதாம். “ஒவ்வொரு வருஷமும் நீ வர்ற செப்டம்பர்ல ஒண்ணு, ஊருக்குப் போற மே மாசம் ஒண்ணுன்னு உன்னை எடுத்த படமெல்லாம் வெச்சிருக்கேன் கண்ணு. இப்போ ஒரு படம் அனுப்பு. நீ எவ்வளவு வெளுத்திருக்கேன்னு எல்லாரும் பாக்கட்டும்.”

வெளுக்க நான் என்ன துணியா?

ஜூன் 10

எரிச்சல் தீரவில்லை. எங்கள் செவ்விந்திய முன்னோர் ஜெருசலேமிலிருந்து கப்பலேறி வந்தவர்களாம். கடவுளுக்கு அடங்காததால் தோல் கறுத்ததாம். நல்வழிக்குத் திரும்பினால் வெளுக்குமாம். சபையில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு மே மாதமும் கராஜ் கதவருகே என்னை நிறுத்திப் படம் எடுத்துவிட்டு, “பாருங்க, பலன் தெரியுது!” என்று வெர்லா அம்மா பூரித்துப்போவார். குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே கிடந்தால் யார்தான் வெளுக்க மாட்டார்கள்? செப்டம்பரில் நான் போய் இறங்கும்போது, கோடை முழுக்கக் கிழங்கு வயலில் நின்று நின்று ஓர்லன் அப்பாவின் கழுத்து என்னைவிடக் கறுப்பு. அவர் என்ன பாவம் செய்தாராம்? யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

வெர்லா அம்மா கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று ராத்திரி தூங்காதவர். அதுதான் கஷ்டமே.

ஜூன் 17

தங்கை எலுவீஸ் வந்தாள். கடிதத்தைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

“லீவுக்கு வந்தா வண்டி நிழலை விட்டு நகர மாட்டியே அக்கா, பெரிய வெள்ளைக்காரி மாதிரி! உன் பங்கு ஆட்டை நான்தான் மேச்சேன். உன் பங்கு வெயிலையும் சேத்து நான்தான் வாங்கினேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஜூன் 18

“ஏண்டி இந்தச் சட்டை?” என்று ஷார்லினிடம் கேட்டேவிட்டேன்.

“இப்பவே ஆரம்பிச்சா செப்டம்பருக்குள்ள வெளுத்துடுவேன்ல? உன் மே மாசப் படம் மாதிரி.”

தலையணைக்கு அடியில் அந்தப் படம். போன வருடம் நான்தான் கொடுத்தேன், பெருமையாக. யார் மேல கோவப்படறது? வெர்லா அம்மா மேலயா? நான்தானே... சே!

ஜூன் 19

கையெழுத்துப் போடவில்லை. “நீ மட்டும் போனியே!” என்று அழுகிறாள்.

ஜூலை 8

மேட்டில், எலுவீஸின் ஆட்டுப்பட்டி. நான் தொப்பி இல்லாமல் மேய்க்கிறேன், மூக்கு உரிகிறது. ஷார்லின் வண்டி நிழலில்.

ஜூலை 11

குட்டி ஒன்று ஓடிப்போக, ஷார்லின் அதன் பின்னாலேயே ஓடி, முள்ளில் சட்டையின் ஒரு கையைக் கிழித்துக்கொண்டு வந்தாள். எலுவீஸ் ரோமம் வெட்டும் கத்தரியை எடுத்துக் கிழிசலை வெட்டினாள். “இந்தக் கையையும் அதே அளவா வெட்டு சித்தி,” என்றாள் ஷார்லின்.

ஆகஸ்ட் 5

நானும் ஷார்லினும் பட்டியில் நிற்கும் படம் ஒன்றை வெர்லா அம்மாவுக்கு அனுப்பியிருந்தேன். பதில் வந்துவிட்டது. “ஃபிலிம் கெட்டுப்போச்சு போல கண்ணு, ரெண்டு பேரும் ரொம்பக் கறுப்பா விழுந்திருக்கீங்க. வேற அனுப்பு.”

தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9

அதே படத்தில் இன்னொரு பிரதி போட்டேன். பின்னால் என்ன எழுதுவது என்று நான் யோசிப்பதற்குள் ஷார்லின் பேனாவைப் பிடுங்கி எழுதிவிட்டாள்:

“ஃபிலிம் நல்லாத்தான் இருக்கு பாட்டி. நாங்க இப்படித்தான்.”