அருவிக்குள்ளே பிடித்த கை

அக்கா,

சாரல் தொடங்குவதற்கு முன்னால் துணிமணிக்கு ஒரு வெயில் காட்டிவிடலாம் என்று இன்று காலையில் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில், பாச்சை உருண்டை வாசத்துக்கு நடுவே, மல் துணியில் சுருட்டி வைத்த அந்தச் சவுரிமுடி கிடந்தது. இத்தனை வருஷமாகியும் அதன் கறுப்பு மாறவில்லை, சனியன். என் தலைதான் வெளுத்துப்போயிருக்கிறது. கையில் எடுத்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. யாரிடம் சொல்லிச் சிரிப்பது? மருமகளிடம் சொன்னால் அத்தைக்கு என்னவோ ஆகிவிட்டது என்பாள். இந்தக் கதைக்குச் சரியாகச் சிரிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். நீயோ போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்துவிட்டாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். ‘நீங்க’ என்று கூப்பிட்டால் மட்டும் உனக்குக் கோபம் வரும். “என்னயக் கெழவியாக்கிப்புடாதளா” என்பாய். ஆகையால் இங்கேயும் நீ, வா, போதான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபது வயது. தை மாதம் டைபாய்டு காய்ச்சலில் விழுந்து, பிழைத்ததே பெரிது என்றார்கள். காய்ச்சல் இறங்கியதும் முடி கொத்துக்கொத்தாகக் கையோடு வந்தது. அம்மாவே ஆளை வரவழைத்து என் தலையை மழிக்கச் சொல்லிவிட்டு, அடுப்படியில் போய் அழுதாள். முடிக்காக மட்டும் அழவில்லை. தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தில் எனக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அனுப்பிய போட்டோவில் என் சடை இடுப்புக்குக் கீழே கிடந்தது. நானும் அதைப் பெருமையாக முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டல்லவா நின்றிருந்தேன்!

“காய்ச்சல் கதையைப் பத்தி ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது” என்று அப்பா சொல்லிவிட்டார். கோடை முழுக்க நான் தென்காசியில் சித்தி வீட்டில் இருக்க வேண்டும்; சாரல் வந்ததும் குற்றாலத்தில் குளிக்க வேண்டும்; உடம்பும் தேறும், முடியும் வளரும்; ஆடி பிறப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணைப் பார்த்துவிட வேண்டும். இதுதான் ஏற்பாடு. சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் ஊரிலிருந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ரயிலில் வந்து இறங்கினேன்.

சித்திரையில் குற்றாலத்தில் என்ன இருக்கும்? காய்ந்த பாறைதான் இருந்தது. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எரிச்சலாக வந்தது. பிறகு வைகாசி கடைசியில் ஒருநாள் காற்று மாறியது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே முகத்தில் பொடிப்பொடியாக ஈரம் விழுந்தது. எங்கள் ஊரில் ஒரு தூறல் விழுந்தால் கடையில் நிற்கிற ஆள்கூட வெளியே வந்து வானத்தைப் பார்ப்பான். இங்கே ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நனைந்துகொண்டே கத்தரிக்காய் விலை கேட்டார்கள். மழையை இப்படிக்கூட அலட்சியம் பண்ணுவார்களா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அருவியில் தண்ணீர் விழுந்த சேதி வந்ததும், விடிகிற நேரத்தில் சித்தி என்னைக் குதிரைவண்டியில் ஏற்றிக் கூட்டிப்போனாள். பெண்கள் பக்கம் கூட்டம் நெரிந்தது. எல்லோரும் தலை முதல் கால்வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். நான் மட்டும் தலையில் கட்டிய துண்டை அவிழ்க்கவில்லை. “கையைக் கெட்டியாப் பிடிச்சுக்க. கண்ணை மூடிக்க” என்று சொல்லிச் சித்தி உள்ளே இழுத்தாள்.

தண்ணீரா அது! தலையில் கல்லைக் கொட்டியது மாதிரி இருந்தது. மூச்சு நின்றுவிட்டது. எண்ணெய்க் கை வழுக்கிச் சித்தி எங்கேயோ போய்விட்டாள். செத்தோம் என்று நினைத்துக்கொண்டு, கையில் அகப்பட்ட ஒரு கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை என்னை வெளியே கொண்டுவந்து நிறுத்தியது. கண்ணைத் திறந்தால், முன்பின் பார்த்திராத முகம். உன் முகம்.

“ஏளா, கைய விடுளா. வெரல் ஒடிஞ்சிரும் போலுக்கு.”

நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. கையை விட்ட பிறகுதான் தெரிந்தது, தலையில் துண்டு இல்லை. தண்ணீரோடு போய்விட்டது. இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு நின்றேன். அதே சமயம் அந்தப் பக்கம் சித்தி, நான்தான் என்று நினைத்து, தாட்டியான ஒரு அம்மாளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். “உள்ள போனா வெளிய வரத் தெரியாதா? மூதி!” என்று கண்ணை மூடியபடியே ஒரு வசவு வேறு. கண்ணைத் திறந்ததும் சித்தி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அந்த அம்மாள் முகத்தில் வழிந்த முடியை ஒதுக்கக்கூட இல்லை. “பரவால்லம்மா, அருவிக்குள்ள யாரு கை யாரு கைன்னு யாரு கண்டா” என்று சொல்லிவிட்டுத் திரும்பத் தண்ணீருக்குள் போய்விட்டார்.

நீ என் தலையைப் பார்க்காமல் இல்லை. நன்றாகத்தான் பார்த்தாய். ஆனால் ‘ஐயோ பாவம்’ என்று முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. “எண்ணெய் இன்னும் போகலளா. வா, இன்னொரு மட்டம் நிப்போம். இந்தத் தடவ நகம் படாமப் பிடி” என்றாய். மறுபடி உள்ளே போனோம். குனிந்து நின்ற அத்தனை பேருடைய தலையிலும் ஒரே தண்ணீர்தான் விழுந்தது. அங்கே நீளமுடிக்காரி, குட்டைமுடிக்காரி என்று யாரும் இல்லை. மாசக்கணக்கில் என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று அன்றைக்குத்தான் எழுந்து போனது.

வெளியே உன் உம்மா சுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். சித்தி வீட்டுக்கு அடுத்த தெருதான் உங்கள் வீடு என்று தெரிந்தது. உன் மாப்பிள்ளைக்குக் கொழும்பில் கடை. கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் உடனிருந்துவிட்டுப் போனவர், எப்போது கூப்பிடுவார் என்று நீயும் காத்துக்கொண்டிருந்தாய். நான் முடிக்குக் காத்திருக்கிறேன், நீ கப்பலுக்குக் காத்திருக்கிறாய் என்று சொல்லிச் சிரித்தோம்.

அதற்கப்புறம் உன்னோடுதான் சுற்றினேன். குதிரைவண்டிக்காரர் என்னை முன்னால் உட்காரச் சொல்லுவார். “பிள்ளைக்கு மலை தெரியட்டும், பெரியவங்க பின்னால ஏறுங்க” என்பார். ஐந்தருவியில் மங்குஸ்தான் விற்ற அம்மாள், பழத்தைக் கவிழ்த்து அடியிலிருக்கும் பூவைக் காட்டி, இதழை எண்ணச் சொல்லுவாள். உள்ளே சுளையும் சரியாக அவ்வளவே இருக்கும். எனக்கு மட்டும் ஒரு பழம் கூடப் போடுவாள். “காச்சல்ல கெடந்து எந்திச்ச பிள்ள, திங்கட்டும்” என்றாள் ஒருநாள். நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லையே! நீதான் சொன்னாய்: “தலையப் பாத்தாத் தெரியாதாளா? ஊருக்கே தெரியும். கேக்க மாட்டாங்க, அவ்வளவுதான்.”

ஆனி பாதியில் சேதி வந்தது. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா பெண் பார்க்க வருகிறார். சித்தி திருநெல்வேலிக்கு ஆளனுப்பி இந்தச் சவுரியை வாங்கிவரச் செய்தாள். இரண்டு விரல் நீளம் வளர்ந்திருந்த முடியில் கறுப்பு நூலால் கட்டி, ஊசி குத்தி, மேலே மல்லிகையைச் சுற்றினால் தெரியாது என்று கட்டிப் பார்த்தாள். தெரியவில்லைதான். கண்ணாடியில் பழைய போட்டோக்காரி நின்றாள்.

மறுநாள் உன்னிடம் வந்து சொன்னேன். நீ யோசித்துவிட்டுக் கேட்டாய்: “சரிளா. கல்யாணத்தன்னைக்கு ராத்திரி அதக் கழட்டி எங்கன வைப்ப? தலகாணிக்கு அடியிலயா?”

அப்படிச் சிரித்தேன். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. சொன்னால் சம்பந்தம் போய்விடும், அப்பா தலைகுனிந்து நிற்பார். சொல்லாவிட்டால் போகிற வீட்டில் முதல் நாளே பொய்க்காரி. “ஒன்ன மாதிரி நானும் முக்காடு போட்டுக்கிடுதேன் அக்கா, யாரு பாக்கப் போறா?” என்றேன். உனக்கு நிஜமாகவே கோபம் வந்து நான் பார்த்தது அப்போதுதான்.

“நான் மூடுதது எங்க வழக்கம்ளா. எனக்கு அதுல ஒரு கொறையும் இல்ல. நீ பயந்துக்கிட்டு மூடுத. அதுவும் இதுவும் ஒண்ணா?” என்றாய். பிறகு தணிந்து, தெருக்கோடிக்கு என்னைக் கூட்டிப்போய்க் கோயில் பக்கம் கையைக் காட்டினாய். அன்றைக்குக் கோபுரம் ஏது? இடி விழுந்து பிளந்து, மேலே ஒன்றுமில்லாமல் மொட்டையாக நின்றது. “எங்க ஊருக் கோபுரமே மொட்டையாத்தான் நிக்கு. அதுக்காவ ஊரு ஓடியா போச்சு? என்ன செய்யணுங்கிறத நீயே பாத்துக்க. நான் வந்து ஒன் பக்கத்துல நிக்கேன்.”

சொன்னபடி வந்தாய். பெண் பார்க்கிற இடத்தில் இவள் எதற்கு என்று சித்தி முணுமுணுத்தாள். நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளறையில் சடையும் பூவுமாக உட்கார்ந்திருந்தேன். கூடத்தில் பேச்சுக் குரல் கேட்டது. “பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க” என்றார்கள். எனக்கு மறுபடி மூச்சு நின்றது, அருவிக்குள் நின்ற மாதிரியே. இடது கையால் உன் கையைப் பிடித்தேன். வலது கையால் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். சவுரி மடியில் விழுந்தது. நீ என் கையை மட்டும் இறுக்கினாய்.

அந்தக் குட்டை முடியோடு கூடத்துக்கு வந்து கும்பிட்டேன். சித்தி காப்பித் தம்ளரை அவசரமாகக் கீழே வைத்தாள். பட்டுச்சேலையும் வைர மூக்குத்தியுமாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா என்னை நிதானமாகப் பார்த்தார்.

“என்னம்மா, நேர்த்திக்கடனா?”

“ஆமா மதினி, ஆமா! திருச்செந்தூர்ல முடி எறக்குனது” என்று சித்தி பாய்ந்து பிடித்துக்கொண்டாள். பார், எவ்வளவு பெரிய வாசல் திறந்தது! முருகனுக்குக் கொடுத்த முடி என்றால் யார் என்ன சொல்ல முடியும்? ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். அப்பாவும் தப்பித்தார், நானும் தப்பித்தேன். பக்கத்தில் வந்து நின்ற உன் கையை மறுபடி பிடித்துக்கொண்டேன்.

“இல்ல அத்தை. டைபாய்டு காய்ச்சல். முடி எல்லாம் கொட்டிட்டு” என்றேன்.

அந்த அம்மா சித்தியைப் பார்த்தார். “அன்னைக்கு அருவியில என்னய மூதின்னு வஞ்சு வெளிய இழுத்துட்டு வந்தீங்களே, ஞாபகம் இருக்கா?” என்றார். காய்ந்த தலையும் பட்டும் மூக்குத்தியுமாக வந்தவரை எங்களில் ஒருத்திக்கும் அடையாளம் தெரியவில்லை. சித்தி அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

“போட்டோவுல பாத்த மொகம் மறக்குமா? துண்டு தண்ணியோட போனதையும் பாத்தேன், இந்தப் பிள்ளை தலையையும் பாத்தேன். முடிக்கென்ன, அது வளரும். எங்க வீட்டுக்கு வாரவ நெசம் சொல்லுவாளான்னு பாக்கத்தான் வந்தேன்” என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் நாம் இருவரும் கோயில் வாசல் காற்றில் நின்று சிரித்த சிரிப்பில் உன் முக்காடு பறந்து பறந்து விழுந்தது. நான் துண்டு கட்டாமல் தெருவில் நடந்த முதல் நாள் அதுதான். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

ஆவணியில் கல்யாணம். நீ அதற்கு இல்லை. ஆடியிலேயே கொழும்பிலிருந்து ஆள் வந்து, நீ கப்பலேறிப் போய்விட்டாய். போகிற சந்தோஷத்தில் நீயும், விடுகிற வருத்தத்தில் நானும் ரயிலடியில் நின்றோம். கல்யாணத்தன்று சித்தி என் டிரங்குப் பெட்டிக்குள் சவுரியைச் சுருட்டி வைத்தாள். “எதுக்கும் இருக்கட்டும்” என்றாள். எதற்கும் ஆகவில்லை.

ஒரு கோடைக்கு என்று வந்தவள் நான். இன்னும் ஊர் திரும்பவில்லை. நீதான் போய், பிள்ளை குட்டி பெற்று, தலை நரைத்துத் திரும்பினாய். அதற்குள் இங்கே கோபுரம் ஒன்பது நிலையோடு எழும்பியிருந்தது. ரயிலடியிலிருந்து வரும்போதே அதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் நீ கேட்டது நினைவிருக்கிறது: “ஏளா, கோவுரத்துக்கே முடி வளந்துட்டே! யாரு எண்ணெய் தேச்சா?”

ஐப்பசி அடைமழையில் உன்னைப் பார்க்க வந்தேன். கண்ணை மூடிப் படுத்திருந்தாய். ஆளைத் தெரியவில்லை என்று உன் மகள் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். எவ்வளவு மெலிந்துபோன கை. கொஞ்ச நேரம் கழித்து உன் உதடு அசைந்தது.

“கைய விடுளா. வெரல் ஒடிஞ்சிரும்.”

நான் விடவில்லை. நீயும் இழுத்துக்கொள்ளவில்லை.

சவுரியை என்ன செய்தேன் என்று கேட்பாய். மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கிற பெண் அதைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூட நாடகத்துக்கு வேண்டும் என்று வாங்கிப்போனாள். டீச்சர் வேலை அவளுக்கு. ராமநாதபுரத்துப் பிள்ளை, அருவியைக் கண்ணால் பார்த்ததில்லை. தண்ணீர் விழுந்ததும் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். “உள்ள போயிட்டுப் பயம் வந்தா என்ன செய்யட்டும் பாட்டி?” என்று கேட்டாள்.

“கையில அம்புட்ட கையப் பிடிச்சுக்க. யாரு கைன்னு வெளிய வந்து பாத்துக்கிடலாம்” என்றேன்.