உடைந்த தட்டின் சிரிப்பு

நியூயார்க்,
நவம்பர் 1951

அன்புள்ள அம்மாவுக்கு, நெஸ்டா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

டிவி நிகழ்ச்சியில் மார்ட்டி கிராஸின் ஜோக் எடுபடாதபோது, பழைய கூட்டத்தின் சிரிப்பை இசைத்தட்டில் ஓட்டுவதுதான் என் வேலை என்று தெரியுமே. போன வருஷம் நீங்களும் அப்பாவும் நிகழ்ச்சி பார்க்க வந்த அன்று பதிவு செய்த தட்டைத்தான் அதிகம் போடுவேன். அப்பாவின் சிரிப்பு, கடைசியில் நிலக்கரிச் சுரங்கம் தந்த அந்த இருமலோடு, அதில் தனியாகக் கேட்கும். அவர் நம்மை விட்டுப் போன பிறகும் வாரம் தவறாமல் போட்டேன். கோபிக்காதீர்கள்.

திங்களன்று தட்டு கை தவறி உடைந்துவிட்டது. செவ்வாய் நிகழ்ச்சியில் மார்ட்டி மாமியார் ஜோக் சொன்னார். அரங்கில் ஒரு சத்தமில்லை. நான் எந்தத் தட்டிலும் ஊசியை வைக்கவே இல்லை. அப்பா சிரித்தார். பிறகு இருமினார்.

மார்ட்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "பெரியவரே, நீங்க ஒருத்தராவது சிரிச்சீங்களே! எங்க உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டார். அதற்குத்தான் கூட்டமே சிரித்தது.

பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்புங்கள். ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள். அன்று நீங்களும் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? அந்த இருமல் பெட்டியிலிருந்து கேட்டதா, அப்பாவின் நாற்காலியிலிருந்து கேட்டதா என்று மட்டும் உடனே எழுதுங்கள்.

அவசரத்தில்,
நெஸ்டா