ரஹீமாவின் கற்றாழை

ஐப்பசி, திங்கள்

மழை இல்லை. மகாவலியில் பாறைகள் தெரிகின்றனவாம், பால்காரன் சொன்னான். கிணற்றிலும் கலங்கல்.

பக்கத்து வீட்டு ரஹீமா பிலிமத்தலாவைக்குப் போனாள். தாய்க்குக் காய்ச்சல். தன் கற்றாழைச் சட்டியை என்னிடம் தந்தாள். "இதுக்கு ஒண்டும் செய்ய வேணாம், தங்கச்சி. எப்பயாச்சும் கொஞ்சம் தண்ணி. கூட ஊத்தினா அழுகிடும்."

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்த பிறகு எனக்கென்று இருப்பவள் இவள் ஒருத்திதான்.

வியாழன்

வாங்க: உப்பு, மல்லி, இவர் சட்டைக்குப் பொத்தான்.

கற்றாழை வாடினாற்போல. மனம் கேட்கவில்லை. தண்ணீர் விட்டேன். நேற்றும் விட்டேன்.

ஞாயிறு

ரஹீமாவின் கணவர் காசிம் நானா காய்ச்சலுக்குக் கொயினா மருந்து வாங்க டவுனுக்கு வந்தவர், இங்கேயும் வந்தார். ரஹீமாவின் தாய் மவுத்து, அடக்கமும் முடிந்ததாம். இப்போது ரஹீமாவுக்கும் காய்ச்சல். வயிற்றில் பிள்ளை வேறு.

"உங்களப் பாக்கணுமாம். ஒருக்கா வாங்களேன்."

வருகிறேன் என்றேன்.

பின்னேரம் இவரிடம் கேட்டேன். "அங்கை வீட்டுக்கு வீடு காய்ச்சல். நீர் போகவேண்டாம்."

"விடியப் போய்ப் பின்னேரம் வந்திடுவன்."

"சொன்னால் கேளும்."

செவ்வாய்

கற்றாழையின் அடி இலைகள் கூழ். நாற்றம். பிடுங்கிப் பார்த்தேன், வேர் கறுப்பு. அழுகலை வெட்டி எறிந்து, மிச்சத்தை நிழலில் காயப் போட்டேன்.

ரஹீமாவுக்குக் கசாயம் வைக்க மல்லியும் வேர்க்கொம்பும் கட்டி, பிலிமத்தலாவை பஸ்காரரிடம் கொடுத்துவிட்டேன். சேர்ந்ததோ தெரியாது.

வெள்ளி

வெறும் மணலில் நட்டேன். இனித் தொடுவதில்லை.

தெருவில் யாரோ: "பிலிமத்தலாவப் பக்கம் மையத்துத் தூக்க ஆளில்லையாம்."

இவர் வேலைக்குப் போனதும் நல்ல சேலை உடுத்தேன். வாசல் படலை வரை போனேன். திரும்பி வந்து அவிழ்த்து மடித்து வைத்தேன்.

கார்த்திகை, புதன்

மழை, விடாமல்.

மாலையில் காசிம் நானா. வீட்டைக் காலி செய்ய வந்தாராம். ரஹீமா மவுத்தாகி இரண்டு கிழமை. பிள்ளையும் தங்கவில்லை. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கற்றாழை பிழைத்துவிட்டது, நடுவில் குருத்து. எடுத்து நீட்டினேன்.

"நீங்களே வெச்சுக்கங்க."

படியில் இறங்கியவர் நின்றார். "பஸ் சத்தம் கேட்டா, தங்கச்சி வந்துட்டாவான்னு கேப்பா. கடைசி நாளும் கேட்டா."

குடை விரித்துப் போனார்.

உள்ளே இவர் பேப்பரோடு. "ஆர் வந்தது?"

ரஹீமாவின் வீட்டுக்காரர் என்றேன். சோறு போட்டேன். சாப்பிட்டார்.