தோற்றுப்போன அரை ஏக்கர்

சிங்கவரம்
9.10.2024

அன்புத் தம்பி அபிநந்தனுக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் நான் வாயைத் திறக்கும்போதே உனக்கு இன்னொரு அழைப்பு வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். நைனா நலம், மூட்டுவலிதான் விடவில்லை.

நம் விதைக் கம்பெனியின் ஆராய்ச்சி அறிக்கையில் என் கையெழுத்துக் கேட்டிருந்தாய். படித்தேன். பன்னிரண்டு ஏக்கரில் சோதனை செய்தோமாம். இலைப்புள்ளி நோயைத் தாங்கும் புது நிலக்கடலை ரகம் கண்டுபிடித்தோமாம். போன வருஷம் நான் இரண்டு மல்லாட்டை ரகத்தை ஒட்டுச்சேர்த்து விதைத்தது அரை ஏக்கர். அதிலும் புள்ளி விழுந்து இலையெல்லாம் கொட்டிப்போனது. நீயே வந்து பார்த்தாய். யார் எழுதியது இதை?

அன்புடன்,
சுதர்சனா

சென்னை
15.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வரி ஆலோசகர் எழுதியது. நிலத்து வருமானத்துக்கு வரி இல்லை, விதை வியாபாரத்துக்கு உண்டு. ஆராய்ச்சிக்குச் செலவானதைக் கழித்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. அரை ஏக்கர், அதுவும் தோல்வி என்று காட்டினால் என்ன மிஞ்சும்? புதுக் கிடங்கையும் டிராக்டரையும் ஆராய்ச்சியில் சேர்த்தால்தான் கம்பெனி மூச்சுவிடும். நம்மை நம்பி எத்தனை குடும்பம் இருக்கிறது என்று யோசி. வரி ஆபீசிலிருந்து யார் வந்து செடியைப் பார்க்கப்போகிறார்கள்?

கோபப்படாமல் கையெழுத்துப் போடு.

உன் தம்பி,
அபி

சிங்கவரம்
20.10.2024

அபி,

போடமாட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று நானும் விசாரித்தேன். முயன்று பார்த்ததற்குத்தான் சலுகை. ஜெயிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. செத்துப்போன செடிக்கும் உண்டு. அரை ஏக்கர், தோல்வி என்று எழுதிக் கொண்டுவா, நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போடுகிறேன். அந்தச் செடிகளோடு ஒரு பட்டம் முழுக்க வெயிலில் கிடந்தவள் நான். அது தோற்றதில் எனக்கு வெட்கமில்லை. உனக்கு ஏன் வெட்கம்?

சுதர்சனா

சென்னை
25.11.2024

அக்காவுக்கு,

நானே கையெழுத்துப் போட்டுக் கணக்கைத் தாக்கல் செய்தாயிற்று. அறிக்கையில் புது ரகம் என்று சொல்லிவிட்டு விற்காமல் இருந்தால் கேள்வி வரும் என்கிறார் ஆலோசகர். அதனால் மார்கழிப் பட்டத்துக்குப் பை அச்சடித்துவிட்டோம்: ‘சுதர்சனா, இலைப்புள்ளி தாங்கும் மல்லாட்டை’. உன் பெயர்தான், சந்தோஷப்படு. உள்ளே இருப்பது நம் பழைய விதை. அதுவும் நன்றாகத்தானே விளைகிறது.

அபி

சிங்கவரம்
6.12.2024

அபி,

உன் விதைப் பைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு நேற்று செஞ்சி விற்பனைக்கூடத்துக்குப் போனேன். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நடுவில் நின்று சத்தமாகச் சொன்னேன்: “இந்தப் பைல போட்டிருக்குறது பொய்யி. புள்ளி நோவு வந்தா இது தாங்காது. நம்பி மருந்தடிக்காம வுட்டுடாதீங்க.”

மேல்களவாய் ரோட்டில் கடலை பயிரிடும் பச்சமுத்து, “இன்னாம்மா, உங்க கம்பெனி பைதான? நீயே இப்டி சொல்ற?” என்றார்.

“நான் போட்டுப் பாத்தவ. அதான் சொல்றேன்” என்றேன்.

எல்லோரும் கேட்கும்வரை நின்றேன்.

கணக்கைத் திருத்திக் கொடுக்க இம்மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது. நீ திருத்தாவிட்டால் வரித்துறைக்கு நானே எழுதுவேன். சும்மா மிரட்டுகிறேன் என்று நினைக்காதே.

சுதர்சனா

சென்னை
30.12.2024

அக்காவுக்கு,

திருத்திக் கொடுத்தாயிற்று. அரை ஏக்கர், தோல்வி. கிடங்கையும் டிராக்டரையும் எடுத்துவிட்டேன். கடைகளிலிருந்து பைகள் திரும்பி வருகின்றன. வட்டியோடு வரி கட்டக் கடன் வாங்கியிருக்கிறேன்.

என்னிடம் சண்டை போட்டிருக்கலாம். சந்தையில் நிறுத்தினாய். பொங்கலுக்கு நான் வரவில்லை.

அபிநந்தன்

சிங்கவரம்
18.1.2025

அன்புத் தம்பிக்கு,

பொங்கலன்று உனக்கும் இலை போடச் சொல்லி, நைனா வெகுநேரம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் சந்தையில் பேசியதற்காக மன்னிப்புக் கேட்கமாட்டேன். நாளைக்கே தேவைப்பட்டாலும் போய் நிற்பேன்.

நேற்று பச்சமுத்து வீடு தேடி வந்தார், கூடவே நான்கு பேர். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். “அடுத்த தபா எங்க கொல்லியிலயும் கால் காணி போட்டுப் பாரும்மா. செத்தா செத்துட்டுப் போவுது. வந்துச்சா வரலையான்னு நீ உண்மைய சொல்லுவ இல்ல?” என்றார்.

ஐந்து பேர் நிலம், ஐந்து விதமான மண். இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைக்காத சோதனை இது. இதுவும் தோற்கலாம்.

ஆனியில் விதைக்கிறேன். நீ வந்தால் வரப்பில் உனக்கும் வேலை இருக்கிறது. வராவிட்டாலும் விதைப்பேன்.

அக்கா,
சுதர்சனா