அப்பா ஏறிய கலங்கரை விளக்கம்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நான், அப்பா, அக்கா மூவரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி எங்கள் எல்லோரையும்விட நலம். உன் உடம்பும் மனசும் எப்படி இருக்கின்றன என்று ஒளிக்காமல் எழுது.

நீ அனுப்பிய படங்கள் வந்தன. அருவி, மலை, மலைக்குப் பின்னால் இன்னொரு அருவி, எல்லாவற்றுக்கும் முன்னால் கறுப்புக் கண்ணாடியோடு நீ. அக்கா பார்த்துவிட்டு, "இவன் தொண்டு செய்யப் போனானா, காலண்டருக்குப் படம் பிடிக்கப் போனானா" என்கிறாள். நீ கணக்குச் சொல்லிக்கொடுக்கிற காது கேளாத பிள்ளைகளில் ஒருத்தர் முகம்கூட அதில் இல்லையேடா. அது போகட்டும். பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாயிற்று, வேலை முடிந்தால் அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், முன்னதாகவே திரும்பிவிடட்டுமா என்று போனில் கேட்டாயே, அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதே மூச்சில், விடுதிச் சமையல்காரம்மா வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டதையும், மொழி தெரியாமல் அங்கே போய் என்ன செய்வது என்று நீ நழுவிவிட்டுப் படகுச் சவாரிக்குப் போனதையும் சொன்னாய்.

நீ போனை வைத்ததும் அப்பா ஆரம்பித்துவிட்டார். "நான் ஒரு எடமும் பாத்ததில்ல, ஆயுசு முழுக்க இந்த ஊர்லயே பஸ் ஓட்டினேன், எனக்கு அலுத்துச்சா?" என்று ஒரே பெருமை. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "உங்க பஸ்ஸு நெத்தியிலயே கலங்கரை விளக்கம்னு எழுதியிருந்துச்சே, ஒரு நாளாவது அதுல ஏறிப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கலங்கரை விளக்க வாசலில் சீட்டுக் கொடுக்கிற பெண் அவரைப் பார்த்ததும், "டிரைவர் சார், நான் பள்ளிக்கூடத்துக்கு லேட்டா ஓடி வர்றப்பெல்லாம் எனக்காக வண்டிய நிறுத்தி வைப்பீங்களே!" என்று எழுந்து நின்றுவிட்டாள். அப்புறம் என்ன, அவள் கல்யாணம், பிள்ளைகள், மாமியார் கண் ஆபரேஷன் என்று பேச்சு நீண்டது, பின்னால் வரிசையில் நின்றவர்கள் எங்களை முறைத்தார்கள். படியில் ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டே ஏறினார்.

உச்சியில் நான் கடலைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்கிறேன், இவர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊரைப் பார்க்கிறார். "அதோ பாரு, அந்த வளைவுலதான் நர்சம்மா சாப்பாட்டுப் பையோட ஓடி வந்து ஏறும், அதோ தையல்காரர் கடை" என்று விரலை நீட்டிக்கொண்டே வந்தவர் திடீரென்று கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். மெதுவாக, "நம்ம ரோடு தண்ணிய ஒட்டியேவா போகுது? வீடுங்க மறைச்சதுல கீழ இருந்து தெரியவே இல்லியே. இவ்வளவு அழகான ரோட்லயா நான் வண்டி ஓட்டினேன்?" என்றார். கண் கலங்கியிருந்தது. காற்று என்று சொன்னார், நானும் நம்பியதுபோலத் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் அவரே, "அவன முன்னாடியே வரச் சொல்லாத. அவன் பாதி ஊரத்தான் பாத்திருக்கான், மனுஷங்கள இன்னும் பாக்கல" என்றார்.

அதனால் கண்ணா, ஊர் சுற்றுவதை நான் குறை சொல்லவில்லை, நன்றாகச் சுற்று. ஆனால் இந்த ஞாயிறு அந்தச் சமையல்காரம்மாவிடம் நீயே போய், வரலாமா என்று கேள். மொழி தெரியாது என்று சாக்குச் சொல்லாதே, காது கேளாத பிள்ளைகளிடம் நாள் முழுக்கக் கையாலேயே கதை அளக்கிறவனுக்கு ஒரு வேளைச் சோறு வாங்கிச் சாப்பிட மொழி வேண்டுமா? வெறுங்கையோடு போகாதே, சாப்பிட்ட தட்டைக் கழுவி வை, வேண்டாம் என்றாலும் கழுவு. அப்புறம் இதையும் கேட்டுப் பார்: உள்ளூரிலேயே இருக்கிறாளே, அந்த அருவியை அவள் பார்த்திருக்கிறாளா? அப்பாவைப்போல இன்னும் பார்க்காதவளாக இருந்தால் அடுத்த விடுமுறைக்குக் கூட்டிக்கொண்டு போ, குடும்பத்தோடு.

நீ சீக்கிரம் வந்துவிட மாட்டாயா என்று எனக்குத்தான் தினமும் அடித்துக்கொள்கிறது. ஆனாலும் சொல்கிறேன், டிக்கெட்டை மாற்றாதே. தலைக்கு எண்ணெய் வை. எங்கே இருந்தாலும் நாலு பேர் உன்னைத் தேடுகிற மாதிரி நல்லபடியாக இரு.

ஆயிரம் முத்தங்களோடு,
உன் அம்மா

அடுத்த தடவை படம் அனுப்பும்போது சமையல்காரம்மாவை நடுவில் நிறுத்து. நீ ஓரமாக நின்றால் போதும், உன்னை எனக்கு அடையாளம் தெரியும்.