கண்டென்சர் வடியப் பத்து நிமிடம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

எங்கே இருந்தாலும் காதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் கொடு. நம் மெக்கானிக் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். "உங்க தங்கச்சி வூட்டுக்காரரப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். நல்லவன், வல்லவன் என்று எழுதித் தள்ளிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை.

அதியமான்கோட்டைக் கடையைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். லாரி, டிராக்டர் என்று வேலை வருகிறது. ஹைபிரிட் கார் வந்தால் மட்டும், "அது பாக்கறதில்லைங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். பேனட்டைத் திறந்து அந்த ஹைவோல்டேஜ் ஆரஞ்சு வயரைப் பார்க்க என்னால் ஆகாது.

பெங்களூரில் ஹைபிரிட் வண்டிப் பயிற்சி முடித்து வந்த அன்று எனக்குப் பாடம் எடுத்தாயே, நினைவிருக்கிறதா? "இதுல டைனமோவே கெடையாது மச்சான். தொப்பூர் எறக்கத்துல பிரேக் மிதிச்சா, வண்டிய ஓட்டற மோட்டாரே கரண்ட் எடுத்து பெரிய பேட்டரிக்கு ஏத்தும். பெருசுகிட்ட இருந்து சின்ன பேட்டரிக்குப் போகும்." டைனமோ இல்லாமல் ஒரு வண்டியா என்று நான் முறைத்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

வண்டியைத் தொடுவதற்கு முன்னால், பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சேஃப்டி பிளக்கைப் பிடுங்கி உன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாய், யாரும் தெரியாமல் திரும்பச் சொருகிவிடக் கூடாதென்று. பிடுங்கிய பிறகும் இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கண்டென்சரில் கரண்ட் தங்கியிருக்கும், அது வடியப் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும் என்பாய். நேரம் பார்ப்பது என் வேலை. எனக்கு நீ கொடுத்த ஒரே வேலை.

அன்றைக்கு வந்த ஓசூர்க்காரர் மொரப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறவர். சின்ன பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை. "முகூர்த்தம் தப்பிருங்க, சீக்கிரம் பாருங்க" என்று காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நின்றார். நீ பிளக்கைப் பிடுங்கினாய். நான் மீட்டரை எடுத்துக்கொண்டு வெளியே நின்ற லாரியைப் பார்க்கப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் நீ குரல் கொடுத்தாய்.

"பத்து நிமிசம் ஆச்சா மச்சான்?"

"ஆச்சு, ஆச்சு. கைய வை."

நான் மணியே பார்க்கவில்லை, மாப்பிள்ளை. மூன்று நிமிடமா, நான்கா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மீட்டர் உன்னிடம் இருந்திருந்தால் கரண்ட் இருக்கிறதா என்று வைத்துப் பார்த்திருப்பாய். என் வாய்ச்சொல் போதும் என்று இருந்துவிட்டாய். சின்ன நட்டு பிடிபடவில்லை என்று ரப்பர் கிளவுஸைக் கழற்றி பேனட் ஓரத்தில் வைத்திருந்தாய்.

கரண்ட் அடித்து நீ விழுந்ததும் ஓடி வந்தவர்கள் எல்லோர் கண்ணிலும் அந்தக் கிளவுஸ்தான் பட்டது. "கிளவுஸ் போடாம கைய வெச்சிட்டான்" என்றார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

கோமதி உன் படத்துக்குப் பூப் போடுவதில்லை. பிள்ளை போட்டால் எடுத்துக் கீழே வைத்துவிடுகிறாள். "அத்தன படிச்சிட்டு வந்து, ஒரு கிளவுஸ் மாட்டறதுக்கு என்னண்ணா நோவு அந்த மனுசனுக்கு? வூட்டுல ரெண்டு பேரு இருக்கறோம்னு நெனப்பே வரலியா?" என்று எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்கிறாள். நான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுகிறேன்.

உண்மையைச் சொன்னால் உன்மேல் அவளுக்குள்ள கோபம் போய்விடும். ஆனால் அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதானே? அந்தப் பயத்தில்தான் உன்மேல் பழியைப் போட்டுவிட்டு நல்ல அண்ணனாக நடமாடிக்கொண்டிருக்கிறேன். உன் உயிரும் என்னால் போனது, பேரும் என்னால் கெட்டது. மன்னித்துவிடு என்று கேட்கக்கூட எனக்கு வாயில்லை. தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, இது மாறும் என்ற நம்பிக்கையும் இல்லை.

ஒன்று மட்டும் செய்கிறேன், சத்தியமாக. நாளைக் காலையில் இதைக் கோமதிக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்பேன். ஒரு வரியைக்கூட விடமாட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னை அண்ணா என்று கூப்பிடுவாளா என்பது தெரியாது.

நாளை வரைக்குமாவது,
உன் மச்சான்